தக்காளி முளைத்த சுவர்

திங்கட்கிழமை காலை, ஒரு வாரத் தூறலுக்குப் பயந்து போர்த்தியிருந்த தார்ப்பாயை மேஸ்திரி விலக்கியபோது, பின்சுவரில் தக்காளி முளைத்திருந்தது.

ஒன்றிரண்டு என்றால் பறவையின் வேலை என்று விட்டுவிடலாம். அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டே போய் நாற்பத்து மூன்றோடு நிறுத்திக்கொண்டாள். கீழே மூன்று வரிசை கல் சுத்தமாக இருந்தது. நாலாவது வரிசையிலிருந்து தலைக்கு மேல் வரைக்கும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வைத்த சேற்றிலும், சில இடங்களில் கல்லின் முகத்திலேயேகூட, வெளிறிய தண்டும் இரட்டை இலையுமாக நாற்றுகள் ஜம்மென்று நின்றன. யாரையும் கேட்காமல் குடிவந்துவிட்ட தைரியம் அவற்றுக்கு.

வேறு யாராவது பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. சூளையில் சுடாமல், மெஷினில் அழுத்திக் காயவைக்கும் மண் கல்லுக்கு வேண்டியது களியும் மணலும்தான். அதுவும் ஆழத்தில் கிடக்கும் அடிமண். எரு கலந்த மேல்மண் கல்லில் சேர்ந்தால் உள்ளே அது மக்கிக்கொண்டே போகும், கல் பொத்தலாகும், ஒருநாள் பாரம் தாங்காமல் உட்காரும். செடி முளைக்கிறது என்றால் எரு இருக்கிறது. இதில் ஆராய்ச்சி பண்ண ஒன்றுமில்லை.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கட்டியது போக மீதிக் கற்கள் இரண்டு அடுக்காக இருந்தன. முன்னடுக்கில் ஒன்றை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போட்டாள். தொம்மென்று விழுந்து அப்படியே கிடந்தது. பின்னடுக்கில் ஒன்றை எடுத்தாள். இது கொஞ்சம் கறுத்த கல். கட்டும்போதே அந்தக் கறுப்பு கண்ணில் பட்டது, ஈரம் காயவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அதை எடுத்துக் கட்டினாள். இப்போது போட்டதும் அது பிஸ்கட் மாதிரி நாலாக உடைந்தது. உள்ளே ஒரு மண்புழு, செத்துக் காய்ந்து, சுருண்டு கிடந்தது.

மேஸ்திரி அந்தக் கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு இது முதல் கட்டடம். வீடுகளும் கடைகளும் பள்ளிக்கூடமும் என்று இருபது வருஷமாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். முதலில் கலவை அள்ளும் பாண்டுச் சட்டி சுமந்தாள், பிறகு அடம்பிடித்துக் கரண்டி பிடித்தாள். ஆனால் அத்தனையும் இன்னொருத்தர் கட்டியதாகத்தான் பேர். 'பொம்பளை கட்டுன சுவரா?' என்று கேட்டுவிட்டு, அவள் கட்டிய சுவரிலேயே சாய்ந்து நின்ற ஒப்பந்தக்காரர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். தெருக்காரர்கள்தான் முதன்முதலாக ஒரு முழுக் கட்டடத்தையும் அவள் கையில் கொடுத்தார்கள்.

அதற்குக் காரணம் போன மழை. ஆற்றுப் பாலம் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. ஒன்பது நாள் ஒரு லாரி வரவில்லை. கடைகள் திறந்திருந்தன, உள்ளே அலமாரிதான் இருந்தது. அந்த ஒன்பது நாளும் நாற்பது வீட்டையும் காப்பாற்றியது தெருவின் பின்னால் இருந்த பொதுத் தோட்டம். பூசணி, அவரை, கீரை, கிழங்கு என்று எது இருந்ததோ அதைப் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். ஆனால் கரண்ட் இல்லாமல், வைக்க ஒரு குளிர்ந்த இடமும் இல்லாமல், பறித்ததில் பாதி அழுகியது. பசியோடு இருக்கும்போது அழுகிய பூசணியைக் குப்பையில் கொட்டுவது என்ன வேதனை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வெள்ளம் வடிந்த வாரமே தெரு கூடி முடிவு செய்தது: ஒன்றரை அடி கனத்தில் மண் சுவர், கரண்ட் இல்லாமலே குளிர்ந்து கிடக்கும் ஒரு அறை, அதை ஒட்டி ஒரு பொதுச் சமையலறை. தோட்டத்தில் விளைவது அங்கே இருக்கட்டும், இன்னொரு மழை வந்தால் வந்து பார்க்கட்டும்.

நகராட்சி இடம் கொடுத்தது. கூடவே ஒரு கெடுவும் கொடுத்தது. இந்த வெள்ளிக்கிழமை என்ஜினியர் வருவார். நாலு சுவரும் கூரை மட்டத்துக்கு உறுதியாக நின்றால் இடம் தெருவுக்கு. இல்லையென்றால் கார் நிறுத்துமிடம்.

மேஸ்திரி எழுந்து தோட்டத்துக்குப் போனாள். வேலி தாண்டியதுமே பதில் கிடைத்தது. நடுவில் இருந்த இரண்டு பெரிய பாத்திகள் காலியாகக் கிடந்தன. தெருவிலேயே நல்ல தக்காளி விளைவது அந்த இரண்டு பாத்தியில்தான்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவள் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. மேஸ்திரிக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்தே இருவருக்கும் ஏழாம் பொருத்தம். பெரிய சண்டை என்று எதுவும் இல்லை. மேஸ்திரிக்கு எதுவும் நேராக இருக்க வேண்டும். நாத்தனாருக்கு எதுவும் இஷ்டத்துக்கு வளர வேண்டும். சுவரின் நேர் பார்க்கத் தொங்கவிடும் குண்டின் பேரால், 'எங்க வீட்டுத் தூக்குக்குண்டு வருது' என்று அண்ணி வரும்போதே அவள் சொல்வாள். தூக்குக்குண்டின் காதில் விழட்டும் என்றுதான் சொல்வாள். பதினாலு வருஷமாக இருவரும் மரியாதைக்குக் குறைவில்லாமல் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த ரெண்டு பாத்தி மண்ணு எங்க போச்சு?" என்றாள் மேஸ்திரி.

நாத்தனார் களையெடுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "கண்டுபுடிச்சிட்டீங்களா? உங்க சுவத்துலதான் அண்ணி இருக்கு. நீங்க உங்க அக்கா ஆபரேஷனுக்கு ஊருக்குப் போனீங்கல்ல, மறுநாளே மண்ணு எடுக்கற குழியில பாறை வந்துருச்சு. ஐநூறு கல்லு குறையுது, மெஷினு சும்மா நிக்குது. நீங்க வந்து பாத்தா மனசு ஒடஞ்சு போயிடுவீங்கன்னு நான்தான் இதை அள்ளிப் போடச் சொன்னேன்."

"யாருகிட்டயும் கேக்கலியா?"

"யாருகிட்ட கேக்கணும்? ஆறு வருஷமா குப்பையும் எருவும் போட்டு நான் ஆக்குன மண்ணு. என் புள்ளைங்களுக்குக்கூட நான் இவ்வளவு பாத்துப் பாத்து செஞ்சதில்ல. எங்க அண்ணி கட்டுற சுவரு, அதுக்குப் போய் குழியில கெடந்த மண்ணு போதும்னு விடறதான்னு தோணுச்சு. குடுத்தேன்."

மேஸ்திரி காலிப் பாத்தியைப் பார்த்தாள். திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தை ஒன்றுகூட வெளியே வரவில்லை. இந்தப் பதினாலு வருஷத்தில் நாத்தனார் அவளுக்கென்று கொடுத்த ஒரே பொருள் அந்த மண். அதுவும் தன்னிடம் இருப்பதிலேயே உசத்தியானதைக் கொடுத்திருக்கிறாள்.

"சுவரை இறக்கணும்" என்றாள், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. "இந்த மண்ணு சுவருக்கு ஆகாது. உள்ளுக்குள்ளயே மக்கும். தக்காளி முளைச்சிருக்கு, வந்து பாரு."

நாத்தனாரின் சிரிப்பு அப்படியே நின்றது. "என் மண்ணு ஆகாதா?"

"சுவருக்கு ஆகாதுன்னுதான் சொல்றேன்."

"சரிங்க அண்ணி. நேரா நிக்கறவங்க நீங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." அவள் குனிந்து மறுபடி களையெடுக்க ஆரம்பித்தாள். மேஸ்திரி அங்கே நின்றதாகவே அதற்கப்புறம் அவள் காட்டிக்கொள்ளவில்லை.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. முதலில் ஓடி வந்தவர் பேக்கரிக்காரர். இரண்டு கட்டடத்துக்கு அப்பால் அவருடைய கடை. ஆலோசனை சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இரண்டு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு? எல்லாத்தையும் கிள்ளிப் போட்டுட்டு மேல சுண்ணாம்பு பூசிடுங்க. கேக்கு உள்ள எப்படி இருந்தாலும் மேல கிரீம் தடவிட்டா யாருக்குத் தெரியும்? அந்த ஆளு வருவாரு, தட்டிப் பாப்பாரு, கையெழுத்துப் போடுவாரு."

"அப்புறம்?"

"அப்புறம் மெதுவா நம்ம சரி பண்ணிக்கலாம்."

"கூரையைத் தூக்கி வச்சப்புறம் சுவரை எப்படி சரி பண்றது? மழை பெய்யும்போது நாப்பது வீட்டு ஆளும் இங்கதான் வந்து நிப்பாங்க. சோத்துக்கு வரிசையில நிக்கறவங்க மேல சுவரு சாஞ்சா நீங்க வந்து கிரீம் தடவுவீங்களா?"

பேக்கரிக்காரர் கையிலிருந்த நாற்றுகளைக் கீழே போட்டார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் கணவன், சாப்பாட்டு இடைவேளையில் கிரீஸ் கையோடு வந்து நின்றவன், மெல்லக் கேட்டான்.

"இப்ப இறக்குனா வெள்ளிக்கிழமைக்குள்ள மறுபடி ஏத்த முடியுமா?"

"முடியாது. புதுக் கல்லு காயவே பத்து நாள் வேணும்."

"அப்ப எடம் போயிடும். இது உன் முதல் கட்டடம். யோசிச்சுக்கோ."

"முதல் கட்டடம்ங்கறதாலதான் சொல்றேங்க. இதுல ஒரு பொய்யை வச்சுக் கட்டிட்டேன்னா அப்புறம் எந்தச் சுவரைப் பாத்தாலும் எனக்கு இதான் ஞாபகம் வரும்."

அவன் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு டிப்போவுக்குத் திரும்பினான். மனைவி இந்தக் குரலில் பேசினால் முடிவாகிவிட்டது என்பது அவனுக்கு அனுபவம்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் முதல் கடப்பாரையை அவளே போட்டாள். தன் கையால் மட்டம் பார்த்து, நூல் பிடித்து, ஒவ்வொரு கல்லாக வைத்த சுவர். வலிக்கத்தான் செய்தது. கடப்பாரை பட்ட இடமெல்லாம் பொலபொலவென்று கொட்டியபோது அந்த வலியோடு ஒரு நிம்மதியும் சேர்ந்துகொண்டது. நல்லவேளை, இதற்குள் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தாமல் தப்பித்தோம். தெருக்காரர்கள் சாவு வீட்டில் நிற்பது போலக் கைகட்டி நின்றார்கள்.

"வேடிக்கை பாக்க வந்தவங்க டிக்கெட் எடுங்க, இல்லன்னா ஆளுக்கொரு பாண்டு எடுங்க" என்று அவள் ஒரு சத்தம் போட்டாள். அதற்கப்புறம்தான் கைகள் அவிழ்ந்தன. சாயங்காலத்துக்குள் மேலிருந்த அத்தனையும் இறங்கிவிட்டது. குழி மண்ணில் செய்த கீழ் மூன்று வரிசை மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றது. நாத்தனார் அன்று அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மேஸ்திரி நாலைந்து தடவை வேலிப் பக்கம் பார்த்ததைக் கணவன் கவனித்தான், கவனிக்காதவன் போல இருந்துவிட்டான்.

புதன்கிழமை, இடித்த மண்ணை எங்கிருந்து வந்ததோ அங்கேயே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். முதல் வண்டியை மேஸ்திரியே தள்ளிக்கொண்டு போனாள். காலிப் பாத்திக்குள் கால் வைத்தாள்; செருப்பு ஒட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். செருப்பு அங்கேயே நிற்க, கால் மட்டும் வெளியே வந்தது.

திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். குனிந்து அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்தாள். மஞ்சளாக, வாசனையே இல்லாமல், பிசுபிசுவென்று இருந்தது. உள்ளங்கையில் வைத்து உருட்டிக் கயிறாகத் திரித்து, ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டாள். அரை முழத்துக்கு அறாமல் தொங்கியது. பாறை வந்த குழியில் இவள் எடுத்த மண்கூட இவ்வளவு தொங்கியதில்லை. மேல்மண்ணை அள்ளியதால்தான் இது வெளியே தெரிந்திருக்கிறது. ஐநூறு கல்லுக்கு வேண்டிய களி, ஆறு வருஷமாகத் தக்காளிக்கு அடியில் படுத்துக்கிடந்திருக்கிறது.

நாத்தனார் எட்டத்தில் அவரைப் பந்தலைக் கட்டிக்கொண்டிருந்தாள். இடம் பொது இடம்தான். தோண்டினால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் மேஸ்திரி ஒற்றைச் செருப்போடு அவளிடம் போய் நின்றாள்.

"உன் பாத்திக்கு அடியில இருக்கற களி எனக்கு வேணும். முழங்கால் ஆழம் தோண்டுவேன். தோண்டுன எடத்துல உன் மண்ணையே திருப்பி நிரப்பிக் குடுக்கறேன். தோண்டட்டுமா?"

நாத்தனார் கயிற்றை முடிச்சுப் போட்டபடியே பேசினாள். "அந்தச் சனியனைத்தானே? எடுத்துட்டுப் போங்க. அதால ஆறு வருஷமா என் இடுப்பு போச்சு. கேரட் போட்டா அதுல முட்டி முட்டி எல்லாம் கோணிக்கிட்டு வருது."

"உனக்குக் கோணலா இருந்தா புடிக்குமேன்னு நினைச்சேன்."

நாத்தனாரின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்புக்கு மிக அருகில் வந்து திரும்பிப் போய்விட்டது. அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள். அன்று முழுக்க இருவரும் ஒரே பாத்தியில் நின்று வெட்டினார்கள். "கொஞ்சம் தள்ளுங்க", "அந்தப் பாண்டைக் குடு", இதற்குமேல் பேச்சு இல்லை. களியில் மணலைச் சேர்த்து, தண்ணீர் கூடிவிடாமல் பார்த்துப் பார்த்துத் தெளித்து, கை மெஷினில் அழுத்தினார்கள். இந்தத் தடவை மேஸ்திரி ஐம்பது கல்லுக்கு ஒரு கல் எடுத்துக் கீழே போட்டுப் பார்த்தாள். ஒன்றும் உடையவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐநூற்று இருபது கல், நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. அத்தனையும் பச்சை ஈரம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு என்ஜினியர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் அட்டை, அட்டையில் படிவம். மூன்று சுவர் ஆளுயரத்துக்கு மேலும் நாலாவது சுவர் முழங்காலுக்கும் நிற்பதைப் பார்த்துவிட்டு, தாம் சரியான இடத்துக்குத்தான் வந்தோமா என்று விலாசத்தை ஒரு தடவை சரிபார்த்தார்.

பேக்கரிக்காரர் முந்திக்கொண்டார். "சார், அந்தப் பக்கம் பெரிய ஜன்னல் வைக்கலாம்னு ஒரு..."

"நான் இடிச்சேன் சார்" என்றாள் மேஸ்திரி. "தப்பான மண்ணு. மேல்மண்ணு கலந்துருச்சு." ஒதுக்கி வைத்திருந்த கறுப்புக் கல் ஒன்றைத் தூக்கி அவர் காலடியில் போட்டாள். சிதறியது. நல்ல கல் ஒன்றைப் போட்டாள். சிதறவில்லை. "மத்த மூணு சுவரும் இந்தக் கல்லு. பாத்துக்கலாம்."

அவர் பார்த்தார். முஷ்டியால் குத்தினார், சாவியால் கீறினார், தண்ணீர் பாட்டிலைத் திறந்து சுவரில் ஊற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தார். பிறகு முழங்கால் சுவருக்குத் திரும்பி வந்தார்.

"இடிக்கச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல."

"மழையில விழுந்துச்சுன்னு சொல்லியிருந்தா நானே ரெண்டு வாரம் குடுத்திருப்பேனே. அதுக்கு விதியில தனி இடமே இருக்கு."

"மழையில விழற சுவரை நான் கட்டமாட்டேன் சார்."

என்ஜினியர் படிவத்தின் மூன்றாவது பக்கத்தைத் திருப்பினார். விதியில் இன்னொரு இடமும் இருந்தது. பிழைக்குப் பொறுப்பானவர் யார் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. ஆனால் அதற்குள் சுவர் தேறாவிட்டால் இடமும் போகும், அந்தப் பெயருக்குரியவர் ஐந்து வருஷத்துக்கு நகராட்சியின் எந்தக் கட்டட வேலையிலும் கை வைக்க முடியாது. அவர் இதையெல்லாம் நிதானமாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மண்ணுதானே தப்பு? மண்ணு கொண்டாந்தவங்க பேரை எழுதிட்டுப் போங்க. கொத்துவேலை பண்றவங்க நீங்க, உங்களுக்கு எதுக்கு வம்பு?"

நாத்தனார் பத்தடி தள்ளி, காயும் கற்களுக்கு ஓலை மூடிக்கொண்டிருந்தாள். தெருவில் அத்தனை பேருக்கும் மண் யாருடையது என்று தெரியும். ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

மேஸ்திரியும் திரும்பவில்லை. "மண்ணு எப்பவும் மண்ணுதான் சார். கல்லு கறுத்திருக்கறதைப் பாத்தும் உடைச்சுப் பாக்காம எடுத்து வச்சது நான். என் பேர்தான் வரணும்" என்று பேனாவை வாங்கினாள். இருபது வருஷம் கழித்து ஒரு கட்டடத்தின் காகிதத்தில் அவள் பெயர் ஏறியது, பிழை என்ற கட்டத்துக்குள். அந்தப் பெயர் அங்கே கிடக்கட்டும், பதினைந்து நாளில் அதைத் தூக்கி நிறுத்தத் தனக்குத் தெரியும் என்று அவள் நம்பினாள்.

என்ஜினியர் அட்டையை மூடப் போனார். அதன்மேல் ஒரு சேற்றுக் கை வந்து விழுந்தது.

"அந்த மண்ணு என்னுது சார்" என்றாள் நாத்தனார். மூச்சு வாங்கியது. "அண்ணி அன்னைக்கு ஊர்லயே இல்ல. யாரையும் கேக்காம அள்ளிப் போட்டது நான். என் பேரையும் எழுதணும்."

"ஒரு பேருக்குத்தாம்மா இதுல இடம் இருக்கு."

"இந்த ஓரம் சும்மாதானே கெடக்கு?" அவர் பதில் சொல்வதற்குள் பேனாவைப் பிடுங்கி, மேஸ்திரியின் பெயரை ஒட்டி, கோணல்மாணலாக, படிவத்தின் விளிம்பு வரைக்கும் போகும்படி தன் பெயரை எழுதினாள். காகிதத்தில் நாலு விரலும் மஞ்சளாகப் பதிந்தது. "அவங்களைத் தள்ளி வைக்கறதுன்னா என்னையும் சேத்துத் தள்ளி வையுங்க. தனியா இருந்தா யாருகிட்டயும் பேசமாட்டாங்க, பாவம்."

என்ஜினியர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார், கீழே கையெழுத்தைப் போட்டுவிட்டு, பதினைந்து நாளில் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

சுவரை இடித்தபோது அழாதவள், கடப்பாரையைப் போடும்போது வேடிக்கை பார்த்தவர்களை அதட்டியவள், இப்போது கல் வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டு கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டவிட்டாள். துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

நாத்தனார் ஓலையைக் கையில் எடுத்தாள். "அண்ணி, அழறதா இருந்தா அந்தப் பக்கம் தள்ளி நின்னு அழுங்க. கல்லு இன்னும் காயல."

மேஸ்திரி இரண்டடி தள்ளிப் போய் நின்று அழுதாள்.